ராஜா தூங்காத இராத்திரி



1997-ம் வருஷம் என் மனைவியின் மார்பில் ஒரு கட்டி இருந்தது. பரிசோதனை ரிப்போர்ட் மறுநாள் காலையில் வரவேண்டும். அன்றிரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஊருக்கெல்லாம் பயப்படாதே என்று பிரசங்கிக்கிற நான், முழங்காலில் நின்றும் ஜெபிக்க வார்த்தையில்லாமல் அழுதேன். "ஆண்டவரே, எங்கே இருக்கிறீர்?" என்று கேட்டேன். சத்தமும் இல்லை, தரிசனமும் இல்லை.

வேதத்தைத் திறந்தேன். எஸ்தர் புஸ்தகம் வந்தது. அதன் 10 அதிகாரங்களிலும் தேவனுடைய நாமம் ஒரு இடத்திலும் இல்லை. அதை அன்றுதான் யோசித்தேன். 127 நாடுகளிலும் உள்ள யூதரை அழிக்கக் கட்டளை போய்விட்டது. எஸ்தரும் ஜனங்களும் 3 நாள் உபவாசித்தார்கள். அதன்பின்பும் ஆமானுடைய வீட்டில் மொர்தெகாய்க்காக 50 முழ உயரத் தூக்குமரம் நின்றது! உபவாசம் வீணாயிற்றா?

6-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். அதே இராத்திரி சூசான் அரண்மனையில் அகாஸ்வேரு ராஜா தூங்க முடியாமல் புரளுகிறான். நடபடி புஸ்தகத்தைக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்லுகிறான். வருஷங்களுக்கு முன் மொர்தெகாய் ராஜாவின் உயிரைக் காப்பாற்றிய செய்தி அதில் வருகிறது. விடிந்ததும் தூக்குமரத்துக்கு உத்தரவு கேட்க வந்த ஆமானே, மொர்தெகாயைக் குதிரையில் ஏற்றிக் கனப்படுத்த வேண்டியதாயிற்று. அரண்மனையில் நடந்தது அந்த இராத்திரி மொர்தெகாய்க்குத் தெரிந்ததாக வேதம் சொல்லவில்லை. தேவனுடைய பெயர் எழுதப்படவில்லை. ஆனால் அவர் கை வேலை செய்துகொண்டிருந்தது. அல்லேலூயா!

காலையில் ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய். நான் கேட்ட பதில் அது அல்ல.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பூ விற்கிற ஒரு தாயார் வந்தார்கள். "பாஸ்டர், செவ்வாக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு யாரோ தட்டி எழுப்பின மாதிரி இருந்துச்சு. அம்மா முகம் கண்ணு முன்னாடி வந்துச்சு. விடியிறவரைக்கும் முழங்கால்லதான் இருந்தேன். அம்மாவுக்கு என்ன?" என்றார்கள். நான் வராந்தாவில் அழுத அதே இராத்திரி! சபையில் ஒருவருக்கும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

பிரியமானவர்களே, ஆபரேஷனும் நடந்தது, மருந்தும் ஏறியது, தலைமுடியும் உதிர்ந்தது. கர்த்தர் பின்பு சுகம் தந்தார். ஆனால் சுகம் வந்த பிறகுதான் அவர் வந்தார் என்று நான் சொல்லமாட்டேன். ரிப்போர்ட் வருமுன்னே, எங்களுக்காக ஒருத்தியை எழுப்பி முழங்காலில் நிறுத்தியிருந்தார்.

இன்று கடனோ, மகளின் கலியாணக் காரியமோ, பிள்ளையின் வேலையோ உன்னைத் தூங்கவிடாமல் இருக்கலாம். நீ உணரவில்லை என்பதால் அவர் இல்லை என்று எண்ணாதே. சங்கீதம் 121 சொல்லும் நம் காவலர் கண் அயராதவர். உன் பாரத்தை ஒரு விசுவாசியிடமாவது சொல்லு. நான் செய்ததுபோல் மறைக்காதே. நடுராத்திரியில் ஒருவர் முகம் உன் நினைவுக்கு வந்தால், திரும்பிப் படுத்துவிடாதே; எழுந்து ஜெபி. யாரோ ஒருவர் எங்கோ ஒரு வராந்தாவில் அழுதுகொண்டிருக்கலாம்.

ஜெபம்: காணாத இடத்திலும் கிரியை செய்கிற பிதாவே, கலங்கி நிற்கிற உம் பிள்ளைகளைத் தாங்கும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.