யாருக்கு அபயம்?

தானங்கள் நான்கு என்று நம் இல்லங்களில் சிறு குழந்தையும் சொல்லும்: உணவு, மருந்து, நூல், அபயம். முதல் மூன்றையும் கையில் எடுத்துக் கொடுத்துவிடலாம். கொடுத்ததைக் கண்ணால் காணவும் செய்யலாம். நான்காவது அத்துணை எளிதன்று. ஓர் உயிரின் அச்சத்தைப் போக்குதலை எங்ஙனம் அளந்து கொடுப்பது? கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்பதை எங்ஙனம் அறிவது? இவற்றினும் கடியதொரு வினா உண்டு. ஓர் உயிருக்கு நாம் அளிக்கும் அபயம் மற்றோர் உயிருக்கு அச்சமாக முடியுமாயின், அதனைத் தானம் எனத் தகுமா? 36 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பு நடத்திய யாம் இவ்வினாவை ஒருநாளும் எழுப்பிக்கொண்டதில்லை. சென்ற கார்த்திகை மாதத்து அடைமழையில் எம் இல்லம் புகுந்த ஒரு நாய்க்குட்டியே அதனை எழுப்பிற்று.

ஊர்ப்புறத்து நெடுஞ்சாலையில் லாரி ஏறித் தாய் மாண்டுபோக, சிறுபாலத்தின் கீழே நனைந்து கிடந்த குட்டியை எம் பேரன் சட்டைக்குள் பொதிந்து எடுத்து வந்தான். "ஆயா, இதற்கு யாரும் இல்லை" என்றான். அச்சொல்லுக்கு மேல் வாதம் வேண்டியதாயில்லை. பல்லைப் பார்த்த கால்நடை மருத்துவர் அகவை இரண்டு திங்கள் இருக்கலாம் என்றார். குடற்புழு மருந்தும் முதல் தடுப்பூசியும் அளித்து, வெறிநோய்த் தடுப்பூசிக்கு மூன்று திங்கள் நிறைந்ததும் கொண்டுவரச் சொன்னார். உணவு, மருந்து என்னும் இரு தானங்கள் ஒரே நாளில் நிறைவேறின என்ற மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம்.

வீட்டிலோ இரண்டு பூனைகள் இருந்தன. மூத்ததற்கு ஒன்பது வயது, இளையதற்கு மூன்று. இரண்டும் தாமாகவே வந்தவை. மூத்தது நெல் குதிருக்குப் பின்னே கண் திறவாக் குட்டியாய்க் கிடந்தது. கூடத்தின் கிழக்குச் சன்னலில் காலை வெயில் அதற்கு. மாலையில் திண்ணை இளையதற்கு. இந்த ஏற்பாட்டை அவையே செய்துகொண்டன. எம்மை யாரும் கேட்கவில்லை.

யாம் செய்த பிழையை மறையாது எழுதுகிறோம். திருப்பருத்திக்குன்றத்துத் திருக்கோயிலில், 1387-ஆம் ஆண்டு இருகப்பர் எடுப்பித்த சங்கீத மண்டபத்து விதானத்தில் சமவசரண ஓவியம் உண்டு. இளமையில் தந்தையார் தோளிலமர்ந்து அதனை அண்ணாந்து பார்த்த நினைவு இன்றும் மங்கவில்லை. பகைப் பிறவிகளும் பகை மறந்து ஒருங்கிருந்து அறம் கேட்கும் அவ்வவையைப் பற்றி அவர் அன்று சொன்னது அப்படியே மனத்தில் தங்கிவிட்டது. அந்நினைவோடு நாய்க்குட்டியைக் கூடத்தின் நடுவே இறக்கிவிட்டோம். மூத்த பூனையைக் கைகளில் ஏந்தி, "பார், உனக்கொரு தம்பி" என்று குட்டியின் முகத்தருகே கொண்டுபோனோம்.

அடுத்த நொடியில் எம் முன்கையில் நான்கு கோடுகளாகக் குருதி வழிந்தது. மூத்தது பரணுக்குத் தாவியது. இளையது மதிலைக் கடந்து மறைந்தது. குட்டியோ இதனை விளையாட்டென்றெண்ணி வாலை ஆட்டிக்கொண்டு பரணின் கீழே குரைத்தது. அதன் கண்ணில் நகம் பட்டிருந்தால் பார்வையே போயிருக்கும் என்பது மருத்துவர் சொன்ன பிறகே எமக்கு உறைத்தது. மறுநாள் பிற்பகல் வரை மூத்தது பரணைவிட்டு இறங்கவில்லை. வைத்த பாலில் ஈ மொய்த்தது. பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாதிருப்பின் உடலின் கொழுப்பு கல்லீரலிற் சென்று படிந்து உயிருக்கே தீங்காகும் என்று மருத்துவர் எச்சரித்தார். அச்சம் மனத்தளவில் நின்றுவிடுவது என்று எண்ணியிருந்தோம். அஃது உடலைத் தின்னும் என்று அன்று அறிந்தோம்.

அன்றிரவு பரணின் இருளில் ஒளிர்ந்த இரு கண்களைப் பார்த்தவாறு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். சமவசரணத்தில் விலங்குகள் பகை மறந்தது பகவான் திருமுன்னர். அங்கும் பன்னிரு கோட்டங்களில் விலங்குகளுக்கெனத் தனிக் கோட்டம் வகுத்தே வைத்திருக்கிறார்கள். எம் கூடத்தில் இருந்ததோ ஒரு கிழவியின் அவசரம் மட்டுமே. தானம் என்பது தன் உடைமையைக் கொடுப்பதாகும். பிறர் உடைமையை எடுத்து வேறொருவருக்கு ஈந்தால் அதற்குப் பெயர் வேறு. நாய்க்குட்டிக்கு யாம் கொடுத்தது எதனை? கிழக்குச் சன்னலின் வெயிலையும் திண்ணையின் அமைதியையும் கொடுத்தோம். அவை எம்முடையவையா? பத்திரத்தின்படி வீடு எம்முடையதுதான். ஆனால் ஒன்பதாண்டுகள் அச்சமின்றி உறங்கிய இடம் ஓர் உயிருக்கு எத்தகைய உரிமை என்று எந்தப் பத்திரமும் சொல்வதில்லை.

"பூனைதானே, பழகிக்கொள்ளும்" என்றார் அண்டை வீட்டுப் பெரியவர். நல்ல மனிதர், வாடிய செடிக்கும் நீர் வார்ப்பவர். ஆயினும் அச்சொல் எம்மைச் சுட்டது. அதனை யாமே சொல்லியிருக்கிறோம். பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், வேற்றூரிலிருந்து வந்த முரட்டுச் சிறுவன் ஒருவனை எந்த மாணவனும் தன்னருகே இருத்திக்கொள்ள மறுத்தபோது, வகுப்பிலேயே அடக்கமான ஒரு பெண்ணின் பக்கத்தில் அமர்த்தினோம். "அவள் பொறுத்துக்கொள்வாள்" என்று தலைமையாசிரியரிடம் பெருமையாகச் சொன்னோம். சிறுவன் உண்மையிலேயே திருந்தினான். அவ்வாண்டு ஆய்வுக்கு வந்த அதிகாரியும் பாராட்டினார். அப்பெண்ணின் மதிப்பெண் குறைந்துகொண்டே வந்ததை யாம் கண்டோம், காரணம் கேட்கவில்லை. ஆண்டு முடிவில் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். பழகிக்கொள்ளும் பொறுப்பை எப்போதும் வாயற்றவர் தலையிலேயே வைக்கிறோம். ஐம்பது ஆண்டு கழிந்து பரணைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பெண்ணின் முகம் எம் நினைவுக்கு வந்தது.

அப்படியாயின் குட்டியை மழையிலேயே விட்டிருக்க வேண்டுமா? அன்று. அபயம் கொடுக்கத்தான் வேண்டும். அதன் விலையை மட்டும் பூனைகளிடம் தண்டல் செய்யலாகாது. எம் உறக்கம், எம் நேரம், எம் வசதி ஆகியவற்றிலிருந்து அது வரவேண்டும். இம்முடிவுக்கு வந்த பின் செய்ய வேண்டியவை ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிந்தன.

முதற்கண் எம் படுக்கையறையை நாய்க்குட்டிக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு யாம் அதன் காவலாகத் தரையில் படுத்தோம். கூடமும் திண்ணையும் மீண்டும் பூனைகளுக்கு உரியவாயின. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்த முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. பூனைக்கு முதலில் தெரிவது மணம்; உருவம் பின்னதே. ஆகவே பழைய பருத்தித் துணியொன்றால் பூனையின் கன்னத்தைத் தடவி அதனைக் குட்டியின் படுக்கையில் இட்டோம். குட்டி கிடந்த துணியைக் கூடத்தின் மூலையில் வைத்தோம். முதல் நாள் இளையது அத்துணியைப் பார்த்துச் சீறிற்று. நான்காம் நாள் அதன்மேல் படுத்துறங்கிற்று.

பின்னர் மூடிய கதவின் இருபுறமும் ஒரே வேளையில் உணவு வைத்தோம். பொழுது சாயுமுன் யாம் உண்ணும் வேளையே அதற்கும் வாய்த்தது. (இரவுண்ணா நோன்பைப் பூனைகள் ஏற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.) கதவிலிருந்து ஏழடி தள்ளித் தொடங்கிய கிண்ணங்கள் நாளுக்கு ஓரடியாக நெருங்கின. ஒருநாள் அவசரப்பட்டு ஈரடி நகர்த்தினோம். மூத்தது கிண்ணத்தைத் திரும்பியும் பாராமற் போயிற்று. மறுநாள் பழைய இடத்துக்கே மீண்டோம். பாடத்தை விரைந்து முடிக்க நினைக்கும் ஆசிரியருக்கு ஒன்பது வயதுப் பூனையைப்போல் நல்ல ஆய்வாளர் கிடைப்பதரிது.

உணவு பற்றி ஓர் இடைக்குறிப்பு. யாம் பூனைகளுக்கு வைத்தவை பாலும் தயிர்ச்சோறும். மீதியை அவை எங்கே தேடிக்கொள்கின்றன என்பதை ஒன்பதாண்டுகள் அறிந்தும் அறியாதவர்போல் இருந்திருக்கிறோம். டாரின் என்னும் சத்தைப் பூனை தன் உடலிற் போதிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாது. அது குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும் என்பதை 1975, 1987 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. நம் போன்றோர் பூனை வளர்ப்பதில் உள்ள அறச்சிக்கல் சிறிதன்று. அதனை வேறொரு முறை எழுதுவோம்.

இரண்டு வாரம் கழித்துக் கம்பிக் கதவு வழியே ஒன்றையொன்று பார்க்கச் செய்தோம். அப்போதுதான் மொழிச் சிக்கல் ஒன்று விளங்கிற்று. நாய்க்குட்டி மகிழ்ந்தால் வாலை வீசி ஆட்டும். பூனை வாலை அவ்வாறு அடித்தால் சினம் என்று பொருள். குட்டி முன்காலைத் தாழ்த்தி விளையாட அழைப்பதும், விரைந்து நேரே பாய்வதும், பூனையின் கண்ணுக்குப் போர் முழக்கமாகும். யாரிடத்தும் தீய எண்ணம் இல்லை. ஆயினும் அச்சம் பிறந்துவிடுகிறது. நல்லெண்ணம் ஒன்றே போதும் என்று எழுபது வயது வரை நம்பியிருந்தோம்.

கதவைத் திறக்கும் நாள் வந்தபோது மிகவும் தயங்கினோம். குட்டியைக் கயிற்றிற் பிணித்தே கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒருமுறை பூனையைத் துரத்திச் சுவை கண்டுவிட்டால் அப்பழக்கத்தை மாற்றுவது அரிது. ஆனால் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கொல்லாமை விரதத்துக்கு இழுக்காவன என ஐந்தை எண்ணுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகைச் சுமை ஏற்றுதல், ஊணும் நீரும் தடுத்தல். ஐந்தில் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது கட்டுதல். எந்தக் கயிற்றால் பூனையின் அச்சத்தைத் தடுக்க நினைத்தோமோ அதே கயிறு குட்டிக்கு இழைக்கும் தீங்காகிவிடுமோ? இவ்வினா எம்மை மூன்று நாள் அலைக்கழித்தது.

சாவக ஒழுக்கம் பேசும் உரைகள் இதற்கு வழி காட்டுகின்றன. காரணமின்றியும் கருணையின்றியும் கட்டுவது குற்றம். காரணம் பற்றிக் கட்ட நேர்ந்தாலும், தீப்பற்றியது போன்ற இடர் வந்தால் எளிதில் விடுபடுமாறு முடிச்சு நெகிழ்ந்திருக்க வேண்டும். கட்டாமலே நம்முடன் தங்கும் உயிர்களை வைத்துக்கொள்வதே சிறப்பு என்றும் காண்கிறோம். இதனைப் படித்தபோது பூனையின் நிலை எமக்குப் புதிதாய் விளங்கிற்று. கயிறோ கூண்டோ இன்றி ஒன்பதாண்டுகள் தங்கிய உயிர் அது. போக வேண்டுமென்றால் போகலாம் என்ற உரிமை ஒன்றே அதனை இருத்தி வைத்திருந்தது. அவ்வுரிமையைத்தான் முதல் நாளில் எம் கைகளால் இறுகப் பிடித்துப் பறித்தோம்.

ஆகவே கயிற்றின் மறுமுனையை எந்தத் தூணிலும் கட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். குட்டி பிணிப்பில் இருக்கும் பொழுதெல்லாம் அம்முனை எம் கையில் இருக்கும்; யாமும் அதனோடு கட்டுண்டிருப்போம். நாளைக்கு நான்கு முறை, முறைக்குக் கால் மணி. முழங்கால் வலியோடு தரையில் அமர்ந்து, குட்டி பூனையைப் பாராமல் எம் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு விள்ளல் சப்பாத்தி கொடுத்தோம். இழுத்தாலும் அதட்டவில்லை, திரும்பி நடந்தோம். பூனைகள் ஏறி ஒதுங்க அலமாரியின் மேல் தட்டைக் காலி செய்தோம். பல்லாண்டுகளாய் அங்கே வீற்றிருந்த எம் பணிநிறைவு விழாக் கேடயங்கள் பெட்டிக்குள் சென்றன. அவற்றை அதன்பின் யாரும் தேடவில்லை.

இவற்றையெல்லாம் ஒரு நாய்க்காகவும் இரு பூனைகளுக்காகவும் செய்வது மிகையன்றோ என்று உறவினர் சிலர் கேட்டனர். ஐம்பொறியும் மனமும் உடைய உயிர்கள் அவை. அச்சம் என்னவென்று எம்மைப்போலவே அறிந்தவை. மிகை எது என்று அளக்கும் கோலை அவற்றின் கையிலும் ஒருமுறை கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றோம். அவர்கள் சிரித்தனர்.

இப்போது ஐந்து திங்கள் ஆகிறது. குட்டி இரட்டிப்புக்கு மேல் வளர்ந்துவிட்டது. இளைய பூனையும் அதுவும் திண்ணையில் மூன்றடி இடைவெளி விட்டு உறங்குகின்றன. சில மாலைகளில் இளையதே வலிய வந்து நாயின் காதைத் தட்டிவிட்டு ஓடுகிறது. மூத்தது அவ்வாறில்லை. நாய் கூடத்துக்குள் வந்தால் எழுந்து அலமாரி மேல் தட்டுக்குப் போகிறது. ஓடுவதில்லை, நடந்து போகிறது. அங்கிருந்தபடியே உண்கிறது, உறங்குகிறது. சென்ற வாரம் பேரன், "ஆயா, மூத்தது எப்போது நாயோடு சேரும்?" என்று கேட்டான். சேராமலும் போகலாம் என்றோம். நட்பாக வேண்டும் என்பது எம் ஆசை. அதனை அதன்மேல் சுமத்த மாட்டோம். கிழக்குச் சன்னலில் காலை ஏழு முதல் ஒன்பது வரை வெயில் விழும்போது நாயைக் கொல்லைப்புறம் அழைத்துச் சென்று யாம் அங்கே பூப்பறிக்கிறோம். கயிறு பெரும்பாலும் ஆணியில் தொங்குகிறது. இரவில் மட்டும் கம்பிக் கதவை இன்னும் சாத்தியே வைக்கிறோம்.