97 லட்சம் காலடி

நேற்று நீங்கள் எத்தனை காலடி நடந்தீர்கள்?

உங்கள் தாத்தாவிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், ‘இவனுக்கு என்னவோ ஆயிருச்சு’ என்று பாட்டியைக் கூப்பிட்டிருப்பார். உங்களில் பாதிப் பேரோ, கேள்வியைப் படிக்கும்போதே செல்போனைத் தொட்டிருப்பீர்கள். (வெட்கப்பட வேண்டாம். எழுதும்போது நானும் தொட்டேன்.)

கோயம்புத்தூரில் எனக்கு ஒரு மாமா. ஸ்பின்னிங் மில் ஒன்றில் 34 வருஷம் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர். ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி தூங்காத ரகம். 2016-ல் நெஞ்சு வலி வந்து, ஸ்டென்ட் வைத்தார்கள். “தினமும் நடங்க” என்றார் டாக்டர். “எவ்வளவு?” என்று கேட்டார் மாமா. “முடிஞ்ச வரைக்கும்” என்ற பதில் அவருக்குப் போதவில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் வந்து, அவருடைய போனில் அடி எண்ணும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான்.

அவ்வளவுதான்... மாமாவுக்கு மறுபடி ஒரு லெட்ஜர் கிடைத்துவிட்டது. தினமும் விடிகாலை ரேஸ் கோர்ஸ் நடைபாதை. சராசரியாக நாளுக்கு 4,400 அடி. ஆறு வருஷத்தில் கூட்டுத்தொகை 97 லட்சத்தைத் தாண்டியது. “கோடியைத் தொட்டதும் எல்லாருக்கும் என் செலவுல விருந்து மாப்ளே” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

2022-ல் ஒருநாள் காலையில் ஆப் திறக்கவில்லை. ‘புதுப்பிக்கவும்’ என்றது. அழுத்தினார். ‘உங்கள் போனில் இது இயங்காது’ என்றது. அவருடையது ஆண்ட்ராய்டு 4.4 போட்ட பழைய போன். பேட்டரி மட்டும் ஒரு முறை மாற்றியது. பேசுகிறது, பாடுகிறது, படம் எடுக்கிறது. ஆனால், புது ஆப்புக்கு அது ஆகாது. பழைய ஆப்பையோ கம்பெனியின் சர்வர் உள்ளே விடவில்லை. 97 லட்சமும் கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

இருபது நாள் கழித்து அத்தை எனக்கு போன் செய்தாள். “உங்க மாமா வாக்கிங் போறதை நிறுத்திட்டாரு. என்ன சொன்னாலும் கேக்கறதில்லை. கொஞ்சம் வந்துட்டுப் போப்பா.”

போனேன். ‘புது போன் வாங்கிக்குங்க’ என்று மகன் சொன்னதற்கு ‘இது நல்லாத்தானே இருக்குது’ என்று சொல்லிவிட்டாராம். நான் தத்துவத்தை எடுத்தேன். “மாமா, நடந்தது உங்க காலு. போன் இல்லை. ரத்தம் ஓடுனது ஓடுனதுதான். எண்ணிக்கை போனா என்ன?”

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அப்போ, நான் மில்லுல 34 வருஷம் எழுதுன லெட்ஜரை எல்லாம் கொளுத்திப்போட்டு, ‘நூல் ஓடுனது ஓடுனதுதானே’ன்னு சொன்னா ஒத்துக்குவியா?”

சத்தியமாக என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

ஊர் திரும்பியதும், ஆப் எழுதும் நண்பர் ஒருவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “அந்தப் பழைய ஆண்ட்ராய்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வர்றது நின்னு பல வருஷமாச்சு சார். கூரையில ஓட்டை இருக்குன்னு தெரியும், அடைக்கத்தான் ஆள் இல்லை. உங்க மாமா எத்தனை மணிக்கு, எந்தத் தெருவுல நடக்கிறாருங்கிற விவரமெல்லாம் அதுக்குள்ள இருக்கு. திருடு போனா எங்களைத்தானே கேப்பீங்க? ஒவ்வொரு புது வசதியையும் அத்தனை பழைய போன்லயும் போட்டுப் பார்க்க ஆளும் காசும் யார் தர்றது?”

நியாயம்தான். பேங்க் விவகாரத்தை இந்த மாதிரிப் பழைய போனில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நானே உங்களுக்குச் சொல்வேன்.

ஆனால், இது அடி எண்ணுகிற வேலை. போனுக்குள் அரிசி மணி அளவில் ஒரு சில்லு இருக்கிறது. நடக்கும்போது உடம்பு லேசாக எழும்பித் தாழ்கிறதே, அந்த அசைவை அது உணர்கிறது. அதை வைத்து அடியைக் கணக்கிடுகிறார்கள். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. வேடிக்கை பாருங்கள், அடி எண்ணுவதற்கென்று தனி வசதியை ஆண்ட்ராய்டு சேர்த்துக்கொண்டதே 2013-ல் வந்த 4.4-ல்தான். மாமாவின் போனில் இருக்கும் அதே 4.4! அதற்கு எண்ணத் தெரியாமல் போகவில்லை. எண்ணியது போதும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

கடையை மூடுவது கடைக்காரர் உரிமை. ஆனால் அடகுக்கடை மூடினால், நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தானே மூட வேண்டும்? என் கோபம் அங்கேதான். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் முதல் ஒரு விதி இருக்கிறது. ஒரு ஸ்மார்ட்போனைச் சந்தையில் விற்பதை நிறுத்திய பிறகும், குறைந்தது 5 வருஷத்துக்கு அதன் இயங்குதளப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும். நல்ல காரியம். ஆனால் அது போனைப் பற்றிய விதி. ஒரு மனுஷனுக்குப் பழக்கம் ஒன்றை உண்டாக்கி, அந்தப் பழக்கத்தை ஆறு வருஷம் தன்னிடம் சேமிக்க வைத்து, பிறகு ‘உன் போன் பழசு’ என்று கைகழுவினால் அது எந்தக் கணக்கில் சேரும்?

கம்பெனி மீது எல்லாப் பழியையும் போட்டுவிட்டுத் தப்பிக்கவும் எனக்கு மனசு வரவில்லை. நாம் என்ன செய்கிறோம்? போனை மறந்துவிட்டு வாக்கிங் கிளம்பினால் பாதி வழியில் திரும்பி வருகிறோம். எண்ணாமல் நடந்தால் வீண் என்று கால் நினைக்கவில்லை, நாம்தான் நினைக்கிறோம். அந்தப் புகழ்பெற்ற 10,000 அடி எங்கிருந்து வந்தது தெரியுமா? டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த வருஷம், 1965-ல், ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றை விற்றது. பெயர் மான்போ-கேய். ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று அர்த்தம். விற்பனைக்கு வைத்த பெயர், வேதவாக்கு ஆகிவிட்டது.

பிறகு 2019-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. சராசரி வயது 72 இருக்கும் சுமார் 16,700 பெண்களை இடுப்பில் கருவி கட்டி ஒரு வாரம் நடமாட வைத்தார்கள். பிறகு சில வருஷங்கள் அவர்களைக் கவனித்து வந்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரணம் கணிசமாகக் குறைவு. 7,500-ஐத் தாண்டிய பின் அதிகப்படியான பலன் தெரியவில்லை. மாமாவின் சராசரி, பெரிய குறை சொல்ல முடியாத நம்பர்தான். அதைச் சொல்லத்தான் இன்னொரு முறை கோயம்புத்தூர் போனேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தை காபியோடு வந்தாள். “பொம்பளைங்க அடியைக்கூட எண்ணுனாங்களா? எனக்கு யாருப்பா எண்ணுனாங்க?” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அடுப்படி, கொல்லை, மொட்டைமாடி, ரேஷன் கடை என்று அந்த வீட்டில் அதிகம் நடப்பவள் அவள்தான். புடவையில் பாக்கெட் கிடையாது. அவளுடைய போன் நாளெல்லாம் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கும். அதன் கணக்குப்படி அத்தை இந்த 40 வருஷமாக உட்கார்ந்தே இருக்கிறாள்.

நான் பேச்சை மாற்றி, மாமாவின் போனில் வேறோர் ஆப்பைத் தேடிப்பிடித்துப் போட்டேன். சாதுவான பழைய ஆப். லாகின் கேட்கவில்லை. 4.4-ல் ஓடியது. திறந்ததும் ‘0’ என்று காட்டியது.

“சைபர்ல இருந்தா?” என்றார் மாமா. முகம் சுண்டிப்போயிற்று.

கொஞ்ச நேரம் அந்த சைபரையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து போய் பீரோவிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். மில்லில் கொடுத்த நோட்டு. முதல் பக்கத்தில் கோடு கிழித்து, ‘முன் இருப்பு: 97,12,000’ என்று எழுதினார். பென்சிலால்.

“பேனாவுல எழுதலாமே மாமா?”

“வவுச்சர் இல்லையே மாப்ளே. ஞாபகத்துல இருந்துதானே எழுதறேன்.”

காபி டம்ளரை எடுக்க வந்த அத்தை, நோட்டை எட்டிப் பார்த்தாள். “அப்படியே எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க” என்றாள்.

மாமா சிரிக்கவில்லை. இன்னொரு பக்கத்தைப் புரட்டி, கோடு கிழித்து, அத்தை பெயரை எழுதினார். பிறகு பென்சிலோடு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“முன் இருப்பு எவ்வளவுன்னு போடட்டும்?”