பெற்ற உபகாரத்தைப் பிறருக்குச் செலுத்துவோம்



ஒருவன் தன் தொழிலிலோ உத்தியோகத்திலோ நிலைபெற்று நிற்கிறான் என்றால், அவன் தன் சொந்தச் சாமர்த்தியத்தால் மட்டும் நிற்கவில்லை. உளியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மேஸ்திரி ஒருவர் இருந்திருப்பார். "பையன் நல்லவன், சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சிபாரிசு சொன்ன பெரியவர் ஒருவர் இருந்திருப்பார். கணக்குப் பிசகியபோது பரிகாசம் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து வழி காட்டியவர் ஒருவர் இருந்திருப்பார். அவர்களில் சிலர் இன்று உயிரோடில்லை. இருப்பவர்களுக்கோ நம்முடைய கைம்மாறு தேவையில்லை. அப்படியானால் அந்தக் கடனை யாருக்குச் செலுத்துவது?

இதற்கு விடையாக, அப்போஸ்தலர் நடபடியில் ஒரு மனிதரைக் காண்கிறோம். அவர் சைப்ரஸ் தீவில் பிறந்த லேவியர். அப்போஸ்தலர்களே அவருக்கு பர்னபாஸ் என்று பெயரிட்டார்கள். ஆறுதலின் மகன் என்பது அதன் பொருள்.

சவுல் மனந்திரும்பி ஜெருசலேமுக்கு வந்தபோது, அவரை யாரும் நம்பவில்லை. அர்ச். முடியப்பரைக் கல்லால் எறிந்தவர்களின் ஆடைகளுக்குக் காவல் நின்றவர் அன்றோ? சீடர்கள் பயந்து ஒதுங்கினார்கள். பர்னபாஸ் ஒருவரே அவரை அப்போஸ்தலர்களிடம் அழைத்துச் சென்று, அவருக்காகச் சாட்சி சொன்னார். சவுல் வஞ்சகராக இருந்திருந்தால் பர்னபாசுடைய நற்பெயரும் அன்றே அழிந்திருக்கும்.

பின்பு அந்தியோக்கியாவில் விசுவாசிகள் பெருகினார்கள். அங்கே அனுப்பப்பட்ட பர்னபாஸ், வேலையும் பெருமையும் தனக்கே இருக்கட்டும் என்று எண்ணினாரில்லை. தார்சு நகரம் வரை போய், சவுலைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். இருவரும் ஓர் ஆண்டு முழுதும் சேர்ந்து போதித்தார்கள். சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதல் முதல் வழங்கியது அந்த நகரத்தில்தான்.

அந்த ஆகமத்தில் பெயர்கள் வரும் வரிசையைக் கவனியுங்கள். தொடக்கத்தில் 'பர்னபாஸும் சவுலும்' என்றிருக்கிறது. அவர்கள் கடல் கடந்து போன பிறகு, பெரும்பாலும் 'சின்னப்பரும் பர்னபாஸும்' என்று மாறிவிடுகிறது. கைதூக்கி விட்டவர் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார். அதற்காக அவர் முணுமுணுத்ததாக எங்கும் எழுதப்படவில்லை.

சகோதரரே, தொழிலில் நம் கையைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் பண ஆசை அன்று, பயமே. "நான் பழக்கியவன் நாளைக்கு எனக்கு மேலே போய்விட்டால்?" என்ற பயம். அதனால்தான் மேஸ்திரி நுட்பமான வேலையைச் செய்யும்போது பையனை டீ வாங்கிவர அனுப்பிவிடுகிறார். அதனால்தான் ஆபீசில் பழைய குமாஸ்தா, புதிதாக வந்த பெண் கேட்டதற்குப் பாதிப் பதில் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். காசைக் கொடுப்பது எளிது. நம் இடத்தையே மற்றொருவன் அடையக்கூடும் என்று அறிந்தும் கற்றுக்கொடுப்பதே அரிய தர்மம்.

பர்னபாஸ் அதோடு நிற்கவில்லை. மாற்கு என்ற வாலிபர் பிரயாணத்தின் நடுவிலே அவர்களை விட்டுத் திரும்பிப்போனார். அடுத்த பிரயாணத்துக்கு அவரை அழைக்க வேண்டாமென்று சின்னப்பர் கண்டிப்பாகச் சொன்னார். அதன் பொருட்டு அந்த இரு நண்பர்களும் பிரிய நேர்ந்தது. பர்னபாஸ் மாற்குவை அழைத்துக்கொண்டு சைப்ரசுக்குப் போனார். வருஷங்கள் சென்றன. சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில், தமக்கு உபயோகமான ஊழியர் என்று சொல்லி, அதே மாற்குவை அழைத்துவரும்படி சின்னப்பரே கேட்கிறார். இரண்டாம் சுவிசேஷத்தை எழுதியவர் இந்த மாற்குவே என்பது திருச்சபையின் பாரம்பரியம். ஒருமுறை தவறியவனுக்கு மறுமுறையும் வேலை கொடுத்ததன் பலனைப் பாருங்கள்!

உலக சரித்திரத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்க்ளின் நம் வேதத்தைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் அவருடைய நன்றியறிதல் நமக்குப் பாடமாகும். வாலிபத்தில் அவர் பிலடெல்பியாவில் அச்சுக்கூடம் வைத்தார். கடன்காரர் வழக்குத் தொடுத்து, அச்சுக்கூடமே பறிபோகும் நிலை வந்தபோது, இரண்டு நண்பர்கள் அவருக்குப் பணம் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அதை அவர் சாகும்வரை மறக்கவில்லை. 1784-ம் ஆண்டு பாரிசுக்கு அருகிலே வசித்தபோது, கஷ்டத்திலிருந்த ஒருவருக்குப் பத்துப் பொற்காசு அனுப்பினார். அதை எனக்குத் திருப்பித் தரவேண்டாம். உம்மைப்போல் கஷ்டப்படும் நாணயமான மற்றொருவனுக்கு, இதே நிபந்தனையோடு கொடுத்துவிடும் என்ற கருத்தில் எழுதினார். 1790-ல் அவர் இறந்தபோது, பாஸ்டன், பிலடெல்பியா நகரங்களுக்குத் தலைக்கு ஆயிரம் பவுன் விட்டுச்சென்றார். தொழில் கற்று முடித்த, 25 வயதுக்குட்பட்ட, மணமான வாலிபர்களுக்குக் குறைந்த வட்டியில் அதைக் கடனாகக் கொடுக்கவேண்டுமென்பது ஏற்பாடு. இருநூறு ஆண்டு கழித்து, 1990-ல் கணக்கு முடிந்தபோது, இரு நகரங்களிலும் சேர்த்து அறுபது லட்சம் டாலருக்கு மேல் இருந்தது.

"என்னை ஒருவரும் தூக்கிவிடவில்லையே, நான் கஷ்டப்பட்டுத்தானே முன்னுக்கு வந்தேன்" என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் ஆதரவில்லாமல் நிற்பதன் வேதனை உங்களுக்கல்லவா நன்றாகத் தெரியும்? நீங்கள் பட்ட பாட்டைப் பிறனும் படட்டும் என்பது நியாயம் அன்று, பொறாமையின் மறுவேஷம்.

ஆனால் எச்சரிக்கை ஒன்றுண்டு. தகுதியில்லாதவனைச் சொந்தக்காரன் என்பதற்காக வேலையில் நுழைத்துவிடுவது உபகாரமாகாது. அவ்விடத்துக்குத் தகுதியுள்ள ஏழைக்கு இழைக்கும் அநீதியே. வேலை வாங்கிக்கொடுத்துக் கமிஷன் பெறுவதும் தர்மம் அன்று, வியாபாரம். விருந்துக்குத் திருப்பி அழைக்க வழியில்லாதவர்களையே அழைக்கும்படி நம் ஆண்டவர் கற்பித்திருக்கிறார். வேலை விஷயத்திலும் அதுவே சட்டம்.

ஆகையால் இந்த வாரம் இரண்டு காரியம் செய்வோம். நம்மைத் தொழிலில் தூக்கிவிட்டவர்களைப் பெயர் சொல்லி நினைத்து, அவர்களுக்காக ஒரு பத்துமணி ஜெபம் ஒப்புக்கொடுப்போம். பிறகு, நாம் வேலை செய்யும் இடத்திலேயே, அன்று நாம் நின்ற நிலையில் இன்று நிற்கும் ஒருவரைத் தேடிப் போவோம். அவர் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சவுலைத் தேடித் தார்சுக்குப் போனவர் பர்னபாஸ் அன்றோ? நமக்குத் தெரிந்ததை மறைக்காமல் அவருக்குக் கற்றுக்கொடுப்போம். அவர் நன்றி சொன்னால், "எனக்கு வேண்டாம், அடுத்தவனுக்குச் செய்" என்று சொல்லுவோம்.

நசரேத்தூரில் தச்சுவேலை செய்து திருக்குடும்பத்தைக் காத்த அர்ச். சூசையப்பர், அந்தத் தாராள மனதை நமக்குப் பெற்றுத் தருவாராக. ஆமென்.