ஊர்வளவு விற்றல்: ஓர் அறவியல் நோக்கு

வீடு என்னும் சொல் தமிழிலே உறைவிடத்தையும் குறிக்கும். பற்றற்ற விடுதலையையும் குறிக்கும். பற்றுக்கு நிலைக்களமாகிய பொருளும் பற்று நீங்கிய நிலையும் ஒரே சொல்லால் வழங்கப்படுதல் சிந்தனைக்குரியது. ஊரிலுள்ள வீட்டை விற்று வேறோரிடத்தில் வீடு வாங்க முயலும் ஒருவனுடைய நிலை, இவ்விரு பொருளுக்கும் இடையிலே அகப்பட்ட நிலையாகும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் இந்நிலை இன்று காணப்படுகின்றது. இதனைப் பொருளாதாரச் சிக்கலாகவும் சட்டச் சிக்கலாகவும் கருதுவோர் பலர்; இதனுள் அடங்கியுள்ள அறவியல் வினாவை எடுத்து நோக்குவோர் சிலரே.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கொள்க. கொள்ளுப்பிட்டியிலே காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் அது வாடகைக்குக் குடியிருக்கின்றது. குடும்பத் தலைவர் அரசாங்கக் கந்தோரில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வூதியத்தின் பெரும்பகுதியை வாடகை விழுங்குகின்றது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியொன்றில் சிறியதொரு மனை வாங்குதல் அவர்தம் விருப்பம். அதற்கு வேண்டிய முதல் வலிகாமத்திலே பூட்டிக் கிடக்கின்றது: நாற்சார் வீடு, நல்ல தண்ணீர்க் கிணறு, ஐந்து பரப்பு வளவு. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பூட்டப்பட்ட கதவு அது. பின்னர் இடையிடையே திறக்கப்பட்டதேயன்றி, அங்கு ஒருவரும் நிலையாகக் குடியிருக்கவில்லை. ஓடுகள் சரிகின்றன, கிணற்றுக் கட்டிலே ஆலங்கன்று வேர்விடுகின்றது. தரகரை வினவுந்தோறும் கிடைக்கும் மறுமொழி ஒன்றே: “வாங்க ஆளில்லை.”

இம்மறுமொழியின் பொருளை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டத்தின் வழியே எழும் தடைகளை முதலில் நோக்குதல் தகும். வடபுலக் காணிகள் தேசவழமையின் ஆட்சிக்கு உட்பட்டவை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பட்ட இவ்வழமை, 1806இல் ஆங்கில ஆட்சியால் சட்ட வலிமை பெற்றது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் எனச் சொத்தினை வகுத்து நோக்குவது இது. வளவு மனைவியின் சீதனமாயின், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி அவள் அதனை விற்றல் இயலாது. முதுசமாயின் உடன்பிறந்தார் பங்காளராவர். அவர்களுள் ஒருவர் ரொறன்ரோவிலும் மற்றொருவர் இலண்டனிலும் இருப்பின் அற்றோணித் தத்துவம் பெறுதல் வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டுமே உடையோருக்குக் காணி விற்பதனை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பொதுவாகத் தடுப்பதால், ஊர்ப்பற்றும் பணமும் ஒருங்கே உடைய புலம்பெயர்ந்தோர் பலர் வாங்குவோர் வரிசையிலிருந்து நீங்குகின்றனர். இத்தடைகள் மெய்யானவை. ஆயினும் காலமும் பொறுமையும் நல்லதொரு நொத்தாரிசும் வாய்ப்பின் இவற்றுட் பல தீரக்கூடியவை.

தீராது நிற்கும் தடை வேறொன்று. வாங்க ஆளில்லை என்னுங் கூற்றிலுள்ள ‘ஆள்’ என்னும் சொல் எல்லா மனிதரையும் குறிப்பதன்று. அதே ஊரிலே மேசன் தொழிலால் முன்னேறியவர் இருக்கலாம். மகன் மத்திய கிழக்கிலிருந்து அனுப்பும் பணத்தைச் சேர்த்து வைத்தவர் இருக்கலாம். கேட்ட விலையைக் கொடுக்க அவர்கள் ஆயத்தமாக இருப்பினும், தரகர் அவர்களை அழைத்து வருவதில்லை. வளவுக்காரர் விரும்பார் என்பது அவருக்குத் தெரியும். இவ்வாறாக ‘ஆளில்லை’ என்பது ‘எங்கட ஆள் இல்லை’ என்பதன் சுருக்கமாகி விடுகின்றது.

இது வெறும் ஊகமன்று. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோருட் பலர் மல்லாகம் முதலிய இடங்களிலுள்ள நலன்புரி நிலையங்களில் கால் நூற்றாண்டுக்கு மேலாக வாழ நேர்ந்தது. வசதியும் உறவும் வாய்ந்தோர் காலப்போக்கில் வேறிடங்களிலே காணி பெற்று வெளியேறினர். எஞ்சியோருட் பெரும்பாலார் ஒடுக்கப்பட்ட சாதியினர். கலிங்க ரியூடர் சில்வா முதலியோர் 2009இல் வெளியிட்ட சாதிப் பாகுபாடு பற்றிய ஆய்வு இந்நிலையைச் சுட்டிக்காட்டியது. ஒருபுறம் ஆளின்றிப் பாழடையும் வளவுகள். மறுபுறம் வளவின்றிக் கொட்டிலில் வாழும் ஆட்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வேலி கிளுவையாலும் பூவரசாலும் ஆனதன்று.

விற்க மறுப்போர் தம் பக்கத்திற் கூறும் நியாயங்களை ஒதுக்கிவிடல் ஆகாது. முதலாவது, உடைமையுரிமை பற்றியது: என் பொருளை நான் விரும்பியவருக்கே விற்பேன் என்பது. இரண்டாவது, அயலார் பற்றியது: விற்றவர் கொழும்புக்குச் சென்றுவிடுவார், பக்கத்து வளவில் வாழும் அவருடைய உறவினரே ஊராரின் பேச்சைச் சுமக்க வேண்டும் என்பது.

முதலாவது நியாயம் வலியதுபோலத் தோன்றினும், உடைமை எங்ஙனம் தோன்றியது என வினவுங்கால் தளர்கின்றது. ஒருவன் தன் உழைப்பைக் கலந்த பொருள் அவனுக்கு உரியதாகின்றது என்று பதினேழாம் நூற்றாண்டிலே ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் வாதிட்டார். அவ்வாதத்தை ஏற்பின், சுண்ணக்கற் பாறையை உடைத்துக் கிணறு தோண்டியவர் யார், வளவின் பனைகளில் ஏறியவர் யார், ஆண்டுதோறும் வேலி அடைத்தவர் யார் என்னும் வினாக்களும் உடனெழும். அவர்கள் கூலி பெற்றனர் என்பது உண்மை. ஆயினும் அக்கிணற்றிலே தாமே தண்ணீர் அள்ளுதற்குப் பன்னெடுங்காலம் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று முழு விலையும் கொடுத்து அவ்வளவை வாங்க வரும்போது அவர்களை ‘ஆள்’ எனக் கருத மறுத்தல், உடைமையுரிமையின் பெயரால் நியாயப்படுத்தக் கூடியதன்று.

இரண்டாவது நியாயத்துக்குத் தேசவழமையின் வரலாற்றிலேயே விடை உண்டு. பழைய வழமையிலே காணியை விலைக்கு விடுமுன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் மட்டுமன்றி, அக்காணியை ஈடுபிடித்த அயற்காணிக்காரருக்கும் அறிவித்தல் வேண்டும் என்றிருந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அயலாரை நீக்கி, முதலில் வாங்கும் உரிமையைப் பங்காளரோடும் அவர்தம் உரித்தாளரோடும் நிறுத்திக்கொண்டது. பழைய வழமை இடமளித்த காலத்தில்கூட அது அயலானுக்கு அளித்தது விலை கொடுத்துத் தான் வாங்கும் உரிமையே. பிறன் வாங்குவதை விலை கொடாமலே தடுக்கும் உரிமையன்று. எனினும் அங்கு வாழும் உறவினரின் துன்பம் கற்பனையன்று. விற்பவர் அதனை எண்ணித் தயங்குதல் மனித இயல்பு. ஆனால் அத்தயக்கத்தின் விலையை இதுவரை செலுத்தி வந்தவர் அவரோ உறவினரோ அல்லர். நிலமற்றவரே அதனைச் செலுத்தி வந்துள்ளனர்.

இனி, இதே குடும்பம் கொழும்பிலே வாங்குவோனாக நிற்கும் நிலையை நோக்குதல் வேண்டும். 1983 ஜூலையில் எந்த வீட்டில் தமிழர் வாழ்கின்றனர் என்பதே தீ வைத்தோர் கேட்ட வினா. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டபோதும், நீ எந்த இடத்தான் என்பதே வினாவாக இருந்தது. மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அது நின்றது. போர்க்காலத்தில் கொழும்பிலே அறை தேடி அலைந்த தமிழ் இளைஞர், பெயரைக் கேட்டதும் கதவு மூடப்பட்டதை அறிவர். விலையையோ வாடகையையோ கொடுக்கக்கூடியவனிடம் பிறப்பைக் கேட்டல் அநீதி என்பதனை இச்சமூகம் நூலிலிருந்து கற்கவில்லை, உடம்பால் உணர்ந்தது.

தன் செயலுக்கு அடிப்படையான விதி எல்லார்க்கும் பொதுவிதியாதலை ஒருவன் விரும்பக்கூடுமா என்பதே அறத்தின் அளவுகோல் என 1785இல் ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற் வகுத்தார். நடுவுநிலைமையைப் பேசும் அதிகாரத்திலே வணிகனையும் நினைவுகூர்ந்து, பிறர் பொருளையும் தன் பொருள்போற் பேணுதலே வணிகம் என்னும் கருத்தை வள்ளுவர் வைத்தார். இவ்விரு அளவுகோல்களாலும் நோக்கின் முரண்பாடு தெளிவாகின்றது. வெள்ளவத்தையில் வாங்கும்போது எந்த வினா தன்னிடம் கேட்கப்படலாகாது என்று ஒருவர் விரும்புகின்றாரோ, அதே வினாவை வலிகாமத்தில் விற்கும்போது அவர் கேட்கின்றார்.

சட்டம் இதனைத் தீர்க்குமா? அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரிலே கறுப்பினத்தாருக்கு வீடு விற்பதில்லை என அயலார் 1911இல் தமக்குள் உடன்படிக்கை செய்திருந்தனர். ஷெல்லி என்னும் கறுப்பினக் குடும்பம் அங்கு வீடு வாங்கியபோது வழக்கு எழுந்தது. அத்தகைய உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தல் ஆகாது என்று 1948இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே உடன்படிக்கை எழுத்தில் இருந்தமையால் நீதிமன்றத்தால் அதனைத் தொட முடிந்தது. யாழ்ப்பாணத்து உடன்படிக்கை எழுத்தில் இல்லை. தரகரின் மௌனத்தில் இருக்கின்றது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் கோயில், கடை, பொதுக்கிணறு முதலிய பொது இடங்களைக் கருதி எழுந்தது. அச்சட்டம் வந்து பதினொரு ஆண்டுகள் கழிந்த பின்னரும், 1968இல், மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. பொதுக் கோயிலின் கதவே சட்டத்தால் எளிதில் திறக்கவில்லையெனின், தனியார் மனத்தின் கதவைச் சட்டம் திறக்கும் என எதிர்பார்த்தல் ஆகாது.

ஆகவே பொறுப்பு விற்பவரிடமே வந்து சேர்கின்றது. முதுசத்தை விற்றல் முன்னோர்க்குச் செய்யும் துரோகம் என்பது பொருந்தாது. குடியிருக்க ஒருவரும் இல்லாது இடியும் வீடு முன்னோரின் நினைவைக் காப்பதுமில்லை. விற்பவர் செய்ய வேண்டியன மூன்று. பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முறைப்படி அறிவித்தல் ஒன்று. விலையையும் உறுதியின் குறைகளையும் ஒளியாது உரைத்தல் இரண்டாவது. விலை கொடுக்க வல்லவர் எவராயினும் அவரை அழைத்து வருமாறு தரகரிடம் வாய்விட்டுக் கூறுதல் மூன்றாவது. முதலிரண்டும் நொத்தாரிசின் மேசையிலே முடிந்துவிடும். மூன்றாவதற்குச் சாட்சியும் இல்லை, முத்திரையும் இல்லை. எனினும் அவ்வொரு சொல் சொல்லப்படாதவரை, ஊர்வளவு விலைபோகவில்லை என முறையிடும் தகுதி ஒருவருக்கு முழுமையாக வாய்த்ததாகக் கொள்ளல் இயலாது.