பந்து நகர்ந்ததா, நகர்த்தினேனா?



"வேண்டுமென்று செய்யவில்லையே சாமி, அப்புறம் அது எப்படி என் குற்றமாகும்?" ஞானோபதேச வகுப்பில் சிறுவர் இப்படிக் கேட்பதுண்டு. பெரியவர்கள் இதையே வேறு வார்த்தைகளில் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று நாம் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். சம்மதமில்லாத இடத்தில் பாவமில்லை. அப்படியானால் தெரியாமல் செய்த காரியத்தைப்பற்றி நமக்கு ஒரு கடமையும் இல்லையா?

இதற்கு விடை தேட இன்று உங்களை ஒரு விளையாட்டு மைதானத்துக்கு அழைத்துப்போகிறேன். மேடையேறி விளையாட்டைப்பற்றிப் பேசுகிறாரே என்று எண்ணவேண்டாம். நீதிமன்றங்களிலுங்கூடக் காணாத ஒரு நுட்பத்தை அங்கே கண்டேன்.

கோல்ப் என்னும் ஆட்டத்தை நம்மில் அநேகர் நேரில் பார்த்திருக்கமாட்டோம். பரந்த புல்வெளியில் ஒரு சிறு வெள்ளைப் பந்தை நீண்ட மட்டையால் அடித்து அடித்து ஒரு குழியில் விழச்செய்ய வேண்டும். ஒரு சுற்றுக்குப் பதினெட்டுக் குழிகள். எவன் மிகக் குறைந்த அடிகளில் முடிக்கிறானோ அவனே வென்றவன். கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் நடுவர் பக்கத்திலேயே நிற்கிறார். கோல்ப் மைதானமோ மிகப் பெரியது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு நடுவரை நிறுத்த முடியாது. ஆகையால் ஆட்டக்காரன் தன் பிழையைத் தானே சொல்லி, தன் கணக்கில் தானே அடி கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் பழைய ஒழுங்கு.

அதன் சட்டங்களில் ஒன்று, அடிப்பதற்கு முன்பே பந்து அசைந்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றியது. ஆட்டக்காரன் மட்டையை ஓங்கவில்லை. பந்தருகே நின்று தயாராகிறான், அவ்வளவுதான். அவன் காலோ மட்டையோ புல்லைத் தொட, பந்து ஒரு நெல்மணி அளவு புரள்கிறது. அவனால் அது அசைந்ததென்றால் தண்டனையாக ஓர் அடி கூட்டி, பந்தை முன்னிருந்த இடத்தில் வைத்து ஆடவேண்டும்.

1925-ம் ஆண்டு அமெரிக்காவில், மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரத்து மைதானத்தில், அந்நாட்டின் பெரிய போட்டியான யு.எஸ். ஓப்பன் நடந்தது. அட்லாண்டா நகரத்து பாபி ஜோன்ஸ் அதில் ஆடினார். வயது இருபத்துமூன்று. பணத்துக்காக ஆடாதவர். முதல் சுற்றின் பதினோராவது குழியருகே அவர் பந்து நெடும்புல் வளர்ந்த ஒரு சரிவில் கிடந்தது. அடிக்கத் தயாராகையில் மட்டை புல்லில் பட்டது. பந்து இம்மியளவு அசைந்தது. அவர் உடனே, "என் பந்து நகர்ந்தது, என் கணக்கில் ஓர் அடி கூட்டுங்கள்" என்ற கருத்தில் பேசினார். கூட ஆடியவர் பார்க்கவில்லை. அதிகாரிகளும் பார்க்கவில்லை. கூட்டத்தில் யாராவது பார்த்தீர்களா என்றால் ஒருவருமில்லை. முடிவு அவர் கையிலேயே விடப்பட்டது. அவர் ஓர் அடி கூட்டிக்கொண்டார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். நான்கு சுற்றுகள் முடிந்தபோது ஜோன்ஸும் வில்லி மக்ஃபார்லேன் என்பவரும் 291 அடிகளோடு சமமாக நின்றார்கள். அந்த ஓர் அடி இல்லாதிருந்தால் ஜோன்ஸ் அப்போதே வென்றிருப்பார். சமநிலை தீர மறுபடி ஒரு சுற்று ஆடினார்கள், அதிலும் சமம். இன்னும் ஒரு சுற்று. மக்ஃபார்லேன் 72, ஜோன்ஸ் 73. ஓர் அடியால் தோற்றார். ஜனங்கள் அவருடைய நேர்மையைப் புகழ்ந்தபோது, ஒருவன் பாங்கியைக் கொள்ளையடிக்காததற்காக அவனைப் புகழுவீர்களா என்ற பொருள்பட அவர் மறுமொழி சொன்னதாக இன்றளவும் சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு, 1926-ல், ஓஹாயோ மாநிலத்து சையோட்டோ மைதானத்தில் பலத்த காற்றில் அவர் பந்து மறுபடி அசைந்தது. மறுபடி தன்மேல் ஓர் அடி போட்டுக்கொண்டார். அந்த முறை வென்றார். அதுவும் ஓர் அடி வித்தியாசத்தில்தான். உண்மை சொன்னவன் எப்போதும் தோற்பான் என்பதும் சரியல்ல, எப்போதும் வெல்வான் என்பதும் சரியல்ல என்று நமக்குக் காட்டவே இரண்டும் அடுத்தடுத்து நடந்தாற்போலிருக்கிறது.

நம் கேள்விக்கு வருவோம். அன்று ஜோன்ஸ் பாவம் செய்தாரா? இல்லவே இல்லை. மனதறிந்து செய்யவில்லை. அப்படியிருக்க ஏன் தண்டனை? இங்கேதான் நாம் இரண்டு காரியங்களை ஒன்றாக்கிக் குழப்புகிறோம். "நான் குற்றவாளியா?" என்பது ஒரு கேள்வி. "என்னால் நடந்ததா?" என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்வி மனதைப் பற்றியது. அதைத் தீர்ப்பவர் உள்ளங்களை ஊடுருவிப் பார்க்கிற சர்வேசுரன். இரண்டாவது கேள்வியோ நடந்த காரியத்தைப் பற்றியது; அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவன் நான். என் மனம் சுத்தமென்று சொல்லி, நடந்ததை நடக்காததாக ஆக்க முடியாது. யாத்திராகமத்தில் ஒரு சட்டமுண்டு. ஒருவன் பள்ளத்தைத் தோண்டி மூடாமல் விட, பிறனுடைய மாடு அதில் விழுந்து செத்தால், அவன் மாட்டின் விலையைக் கொடுக்க வேண்டும். மாட்டைக் கொல்ல நினைத்தாயா என்று அங்கே கேட்கப்படவில்லை. மாடு போயிற்று, அதை ஈடுசெய். கோல்ப் சட்டமும் பந்தைப் பழைய இடத்தில் வை என்கிறது. சந்தை நெருக்கத்தில் பிறர் வண்டியின் கண்ணாடியை நம் கைப்பிடி உடைத்துவிட்டால், அது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய காரியமாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் வண்டிக்காரன் வருமட்டும் காத்து நின்று கண்ணாடியின் விலையைக் கொடுப்பது நியாயமல்லவா? யாரும் பார்க்கவில்லையே என்று நழுவிப்போனால், பாவமில்லாமல் தொடங்கியது அந்த நழுவலில் பாவமாகிறது.

நம் தமிழில் ஒரு வசதி இருக்கிறது, ஆபத்தான வசதி. "உடைத்தேன்" என்று சொல்லவேண்டிய இடத்தில் "உடைந்துபோயிற்று" என்று சொல்லிவிடலாம். கொட்டினேன், கொட்டிவிட்டது, தொலைத்தேன், தொலைந்துபோயிற்று, நகர்த்தினேன், நகர்ந்தது. ஓர் எழுத்து மாற, "நான்" என்பவன் வாக்கியத்தைவிட்டு ஓடிப்போகிறான். பானை தானே உடைந்தது, பால் தானே பொங்கியது, பணம் தானே செலவாயிற்று! இதற்கு நாம் முதல் ஆட்களல்ல. மோயீசன் மலையிலிருந்து இறங்கிவந்து, இத்தனை பெரிய பாவத்தை இந்த ஜனங்கள்மேல் வரப்பண்ண அவர்கள் உனக்கு என்ன செய்தார்கள் என்று அதட்டினபோது, ஆரோன் சொன்ன பதிலை வாசித்துப்பாருங்கள். ஜனங்கள் பொன்னைக் கொடுத்தார்களாம், அவர் அதை நெருப்பில் போட்டாராம், கன்றுக்குட்டி வெளியே வந்ததாம். தன் கையால் உருவமைத்தது என்று அதே அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. பிரதான குருவின் வாயிலும் அந்த வாக்கியம் எத்தனை சுலபமாக வந்துவிட்டது!

ஜோன்ஸின் சிறப்பு இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பந்து நகர்ந்தது என்பதோடு அவர் நிறுத்தவில்லை. கணக்குச் சீட்டில் தன் பெயருக்கு நேரே ஓர் அடியை எழுதவைத்தார். அப்போது அவர் கத்தோலிக்கரல்ல. மனச்சாட்சியின் சட்டம் எல்லா மனிதரின் இருதயத்திலும் எழுதப்பட்டிருக்கிறதென்று அர்ச். சின்னப்பர் ரோமருக்கு எழுதினது பொய்யாகுமா? பிற்காலத்தில் முதுகுத்தண்டு நோயால் நடக்கமுடியாமல் பல வருஷம் துன்பப்பட்ட அவர், 1971 டிசம்பரில், மரிப்பதற்குச் சில நாட்களுக்கு முன், தம் மனைவியின் விசுவாசமாகிய நம் திருச்சபையில் சேர்ந்தார்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் சில நல்ல ஆத்துமாக்களை வீணாய் வருத்துவேன். 2016-ல் பென்சில்வேனியாவின் ஓக்மாண்ட் மைதானத்தில் அதே யு.எஸ். ஓப்பன். கடைசி நாள் ஐந்தாம் குழியருகே டஸ்டின் ஜான்சன் என்பவரின் பந்து சற்று அசைந்தது. தன்னால் அசையவில்லை என்று அவர் கூட வந்த நடுவரிடம் சொன்னார்; நடுவரும் ஒப்புக்கொண்டார். பன்னிரண்டாம் குழிக்கு வந்தபோது, அந்த விஷயத்தைப் பிறகு பரிசீலிப்போம் என்று அறிவித்தார்கள். தனக்கு எத்தனை அடி என்று நிச்சயமாய்த் தெரியாமலே அந்த மனிதர் மீதியை ஆடினார். முடிவில் ஓர் அடி தண்டனை போட்டார்கள். அப்படியும் மூன்று அடி வித்தியாசத்தில் வென்றார். குழியைச் சுற்றிய புல் கண்ணாடிபோல் வழுவழுப்பாக வெட்டப்பட்டிருக்கையில் பந்து எதனால் அசைந்ததென்று யார் சொல்லமுடியும்? சட்டமியற்றுகிறவர்களும் இதை உணர்ந்தார்கள். 2017 முதல், குழியைச் சுற்றிய அந்தப் பசும்புல்லில் பந்தைத் தற்செயலாக அசைத்தால் தண்டனையில்லை, திரும்ப வைத்தால் போதும் என்று இடம் கொடுத்தார்கள். 2019-ல் அது பொதுச் சட்டமாயிற்று. மற்ற இடங்களிலும், ஆட்டக்காரனே காரணம் என்பது ஏறக்குறைய நிச்சயமானால்தான், அதாவது நூற்றுக்கு 95 பங்காவது அப்படித் தோன்றினால்தான் தண்டனை. நிச்சயமில்லையேல் காற்றோ சரிவோ அசைத்ததென்று கொள்வார்கள். அன்றியும், வெறுங்கண்ணால் காணமுடியாத அசைவைப் படக்கருவியில் பெரிதாக்கிக் காட்டினாலும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காருகிற ஒரு குருவுக்கு இது எத்தனை பழக்கமான பேச்சு! முழு நிச்சயம் மனிதருக்குக் கிடைப்பது அரிது. விவேகமுள்ளவன் நம்பி நடக்கத்தக்க நிச்சயம் போதும் என்று செமினாரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். சஞ்சல மனச்சாட்சியுள்ளவர்கள் ஒவ்வொரு நினைவையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அசையாத பந்தையும் அசைந்ததாகக் கண்டு அழுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: வெறுங்கண்ணுக்குத் தெரியாததை விட்டுவிடு, அம்மா. சர்வேசுரன் உன்னைப் பிடிக்கப் படக்கருவியோடு காத்திருக்கவில்லை. ஆனால் இந்த ஆறுதல், தெளிவாய்ப் பார்த்துவிட்டு, நூற்றுக்கு 95 ஆகாது, 90-தான் என்று தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்லித் தப்புகிறவனுக்கல்ல. ஓக்மாண்டில் ஜான்சன் ஒளிக்கவில்லை. நடந்ததை உடனே நடுவரிடம் சொன்னார். காரணத்தைப் பற்றி வாதாடலாம். காரியத்தை மறைக்கத்தான் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என் பிழையையே எடுத்துக்கொள்கிறேன். சில மாதங்களுக்கு முன் பூசைக்குச் சற்று முன்னால், திராட்சை இரசக் கண்ணாடிக் குப்பி கீழே விழுந்து நொறுங்கியது. சக்ரீஸ்தில் நாலைந்து பீடச் சிறுவர்கள் இருந்தார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "விழுந்திருச்சு, சாமி" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்களில் சின்னவன் மட்டும், "என் கை பட்டிருச்சு சாமி, நான்தான் தட்டிவிட்டேன்" என்றான். நேரமாகிவிட்ட பதற்றத்தில் அவனைத்தான் அதட்டினேன். "விழுந்தது" என்றவர்கள் தப்பினார்கள். "தட்டிவிட்டேன்" என்றவன் அழுதுகொண்டே பூசைக்கு மணியடித்தான். நம் வீடுகளிலும் உண்மை சொன்ன பிள்ளைக்கு முதல் அடி விழுகிறதே. அதற்குப்பின் "தானாக உடைந்தது" என்று சொல்ல அது கற்றுக்கொண்டால் யார் ஆசிரியர்?

அடுத்த ஞாயிறு அவன் தன் உண்டியலிலிருந்து எடுத்த சில்லறையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். குப்பிக்காம். மற்றச் சிறுவர்களையும் அழைத்து, அவர்கள் முன்பாக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்றைக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது, தம்பி" என்று தொடங்கினேன். அந்த வாக்கியம் என் காதிலேயே விழுந்தது. திருத்திக்கொண்டு, "நான் உன்னை அநியாயமாய் அதட்டினேன்" என்றேன்.