வினவும் உரிமை

எதைக் கற்பது, எவ்வளவு விரைவில் கற்பது என்பனவற்றில் மாணவனின் குரலும் ஒலிக்க வேண்டும் என்று இன்று பலரும் வலியுறுத்துகின்றனர். கணினியும் கைப்பேசியும் அக்குரலை அவனுக்கு வழங்கிவிடும் என்ற நம்பிக்கையும் வலுத்து வருகிறது. குரல் என்பது ஒரு கருவி கொடுக்கக்கூடிய பொருளா? சற்று ஆராய்வோம்.

1999 ஜனவரி 26 அன்று புதுதில்லியின் கால்காஜி பகுதியில் சுகதா மித்ரா ஒரு சோதனையைத் தொடங்கினார். தமது அலுவலகச் சுவரில் துளையிட்டு, அப்பாலிருந்த குடிசைப் பகுதியை நோக்கி ஒரு கணினியைப் பொருத்தினார். ஆசிரியர் இல்லை; பாடத்திட்டம் இல்லை. ஆயினும் அங்கிருந்த சிறுவர்கள் ஒருவருக்கொருவர் கற்பித்து அதை இயக்கப் பழகிவிட்டனர். அறிவு குழந்தையின் உள்ளேயே உறைகிறது, தடையை விலக்கினால் போதும் என்று கருதுவோருக்கு இது மகிழ்ச்சி அளித்தது.

பின்னர் அவ்விடத்தைப் பார்வையிட்ட மார்க் வார்ஷாவர் என்ற ஆய்வாளர் கண்டது வேறு. இணைய இணைப்பு அரிதாகவே இயங்கியது; இந்தியில் தனிப் பாடப்பொருள் ஏதுமில்லை; பிள்ளைகள் பெரும்பாலும் ஓவியம் தீட்டுவதிலும் விளையாட்டுகளிலுமே பொழுதைக் கழித்தனர். விளையாடுவது குற்றமன்று. ஆனால் விசையைத் தட்டும் சுதந்திரம் வேறு. வினா எழுப்பும் சுதந்திரம் வேறு.

மித்ராவின் மற்றொரு சோதனை, என் எண்ணத்தில், இன்னும் ஆழமானது. தமிழ் பேசும் காளிக்குப்பம் என்ற சிற்றூரின் பிள்ளைகளிடம், ஆங்கிலத்தில் அமைந்த உயிரித் தொழில்நுட்பப் பாடங்கள் கணினி வழியே ஒப்படைக்கப்பட்டன. தாமாகவே ஓரளவு கற்றனர். அதன்பின் அவர்கள் நன்கறிந்த ஓர் இளம்பெண் உடனிருக்க ஏற்பாடாயிற்று. அவருக்கு அப்பாடம் தெரியாது. ஒரு பாட்டியைப் போல அருகிருந்து, வியந்து, ஊக்குவித்தார், அவ்வளவே. மதிப்பெண்கள் மேலும் உயர்ந்தன. 2010-இல் இவ்வாய்வு வெளியாயிற்று. கருவி மாறவில்லை, செவிமடுக்க ஒருவர் கிடைத்தார்.

பிரச்ன உபநிஷதம் இங்கு நினைவுக்கு வருகிறது. நூலின் பெயரே வினா. பிப்பலாதரை நாடி வந்த அறுவரிடம் அவர், ஓராண்டு தவமும் பிரம்மசரியமும் சிரத்தையும் பூண்டு இங்கு தங்குங்கள், பிறகு விரும்பியதைக் கேளுங்கள், எமக்குத் தெரிந்திருந்தால் சொல்வோம் என்கிறார். எதைக் கேட்பது என்பதை மாணாக்கரிடமே விட்டுவிடுகிறார். தமக்குத் தெரியாமலும் இருக்கலாம் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறார். அறுவரில் ஒருவரான சுகேசர் கொணர்ந்த வினாவோ அவருடையதே அன்று. கோசல நாட்டு இளவரசன் அவரிடம் கேட்க, அவர் அறியேன் என்று அனுப்பிவிட்ட வினா அது. விடையில்லாத வினாவை ஒருவர் நெஞ்சில் சுமந்து திரிந்திருக்கிறார்!

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் வினாவைச் சுமக்க வேண்டிய தேவை ஏறக்குறைய மறைந்துவிட்டது. கேட்ட நொடியில் விடை வருகிறது. எள்ளி நகையாடுவோர் என்று அஞ்சிக் கடைசி வரிசையில் வாய் திறவாதிருந்த சிறுமிக்கு இது பெரும் பேறு. இதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் கேட்டதை ஆசிரியர் அறியவில்லை, அடுத்திருப்பவளும் அறியவில்லை. வகுப்பு, நேற்று வகுத்த வழியிலேயே செல்கிறது. கேட்டதனால் எதுவும் மாறாதபோது அதனைக் குரல் என்று எங்ஙனம் சொல்வது?

நாற்பது மாணவர், நாற்பது நிமிட வகுப்பு. ஆளுக்கு ஒரு நிமிடம். இக்கணக்கில் ஆசிரியரை நோவது நியாயமன்று. மாணவர் தத்தம் ஐயங்களைப் பெயரின்றிப் பதிவுசெய்து அன்று மாலையே ஆசிரியருக்கு அனுப்பக் கருவி உதவலாம், அது எளிது. மறுநாள் குறித்த பாடத்தை ஒதுக்கிவைத்து, அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டா? பாடத்திட்டம் வகுப்போரிடம்தான் இதைக் கேட்டாக வேண்டும்.