பிள்ளையும் புலமையும்

பிள்ளை பெற்றால் புலமை குன்றும் என்ற பேச்சு பல்கலைக்கழக வட்டாரங்களில் பழையது. பேசுவோர் பெரும்பாலும் தாய்மாரைக் குறித்தே பேசுகின்றனர் என்பதை நாம் கவனிக்கவேண்டும். பேராசிரியர் ஒருவருக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தால் அவருடைய அடுத்த நூலைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை.

அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழக ஆசிரியர் 3,000 பேருக்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வொன்று 2021ஆம் ஆண்டு வெளியாயிற்று. பிள்ளை பிறந்ததை அடுத்த ஆண்டுகளில் தாய்மாரின் ஆராய்ச்சிக் கட்டுரைகள் குறைந்தன. தந்தையரிடம் அத்தகைய சரிவு இல்லை. ஆகவே நேரத்தைத் தின்றது பிள்ளையன்று. பிள்ளை இருவருக்கும் பிறந்தது. அதைப் பார்க்கும் வேலை மட்டும் ஒருத்தியைச் சேர்ந்தது.

மேரி கியூரிக்கு 1897இல் முதல் மகள் பிறந்தாள். அடுத்த ஆண்டு முடியுமுன் பொலோனியமும் ரேடியமும் கண்டறியப்பட்டன. அவருடைய மேதைமையைப் போற்றுவோர், வீட்டிலிருந்து குழந்தையை வளர்த்த மாமனாரை, வைத்தியர் யூஜீன் கியூரியை, மறந்துவிடுகின்றனர்.

நம் ஊருக்கு வருவோம். களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பயில்கின்றனர். அங்கு கற்பிக்கும் பெண்ணுக்கு நோயாளர், மாணவர், ஆராய்ச்சி என மூன்று கடமைகள், வீட்டில் நான்காவது. அரச சேவை விதி தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்களும் தந்தைக்கு 3 நாட்களும் விடுமுறை தருகிறது. பிள்ளை யாருடையது என்று அரசாங்கம் முன்னரே தீர்ப்பளித்துவிட்டது போலும்!

அந்த நான்காவது கடமையைச் சுமப்பவர் யார்? அம்மம்மா இருந்தால் அம்மம்மா. இல்லையேல், மலையகத் தோட்டத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வீட்டுவேலைக்கு வந்த பெண். அவளுடைய பிள்ளை ஹட்டனிலோ பதுளையிலோ பாட்டியிடம் வளர்கிறது. ஆய்வேட்டின் நன்றியுரையில் பேராசிரியர் பெயர் இருக்கும், நூலகர் பெயர் இருக்கும். அவள் பெயர் இருக்காது.

அவள் விட்டுவந்த தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா உண்டு. துரைமார் தாய்மையின்பால் கொண்ட அன்பினால் அது எழவில்லை. கொழுந்து பறிக்கும் கை நின்றால் இலாபம் நிற்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். (அங்கு குழந்தைகள் எவ்வாறு கவனிக்கப்பட்டன என்பது வேறு கதை.) தாயின் உழைப்பை உழைப்பென்று கணக்கிட்ட இடத்தில், சுரண்டலுக்காகவேனும், தொட்டிலுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளர் காப்பகம் கேட்டால் சலுகை கேட்கிறாள் என்கின்றனர்.

காப்பகம் வேண்டும் என்று நம் ஆசிரியர் சங்கங்கள் உரத்துக் கேட்கட்டும். ஆனால் அந்தக் கோரிக்கையில், அங்கே கூலிக்குப் பிள்ளை பார்க்கப்போகும் பெண்ணின் பிள்ளைக்கும் ஒரு தொட்டில் உண்டென்று எழுதுவோமா?